அவனுக்குள் என் ஆட்கள்

பிப்ரவரி 3

இன்று ஒரு தப்பு நடந்துவிட்டது. ரயிலின் ஏழாவது பெட்டியில் ஒருவன் மாதப் பாஸ் காட்டினான். படத்தில் முழுத் தாடி. எதிரில் நிற்பவனோ மழுமழுவென்று இருக்கிறான். "இது நீங்க இல்ல" என்றேன். "நான்தாங்க மேடம், நேத்துதான் சவரம் பண்ணேன், இன்டர்வியூக்குப் போறேன்" என்று கெஞ்சினான். என்கிட்டயா? அடுத்த நிலையத்தில் இறக்கி, அலுவலக அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். மாலையில் சொல்கிறார்கள், அது அவனேதானாம். இன்டர்வியூ போச்சு.

தம்பியிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "டிக்கெட்டக்கா, நீ கண்ணாடியில உன்னையே பாத்தாலும் பாஸ் எங்கன்னு கேப்ப." ஊரில் எல்லாரும் என்னைப் பரிசோதகர் அம்மா என்பார்கள். இவனுக்கு மட்டும் நான் டிக்கெட்டக்கா.

சிரிப்புக்கு நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்தானாம். அவன் குடியிருப்பது தரைத்தளம்.

பிப்ரவரி 11

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். எழுதிப் பார்த்தாலாவது நம்பிக்கை வருமா என்று எழுதுகிறேன். வரவில்லை.

ஏப்ரல் 20

மருந்து ஏற்றியதில் நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் எங்கோ ஒளிந்திருக்குமாம், கட்டாயம் திரும்பி வருமாம். அவன் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜையை அடியோடு அழித்துவிட்டு வேறொருவருடையதை ஊறவிட வேண்டும். என்னுடையது பொருந்துகிறது. பத்துக்குப் பத்து. "பள்ளிக்கூடத்துல நான் எதுலயும் பத்துக்குப் பத்து வாங்கினதில்ல டாக்டர்" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் பென்சிலால் படம் போட்டுக்கொண்டே சொல்கிறார். தம்பி ஏற்கெனவே பென்சில் டாக்டர் என்று பேர் வைத்துவிட்டான்.

இன்று போட்ட படம்: சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொடி. "உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் தன்மேல ஒரு அடையாளத்தக் காட்டிட்டே இருக்கும். வெள்ளை அணுக்கள் சுத்தி வந்து பாக்கும். நம்ம ஆளா, விட்டுடும். வெளியாளா, கிருமி புகுந்த செல்லா, கொன்னுடும். உங்க தம்பியோட புற்றுநோய் செல் நம்ம ஆள் மாதிரியே வேஷம் போட்டு நிக்குது. அவரோட அணுக்களுக்குத் தெரியல. உங்களோடதுக்குத் தெரியும்."

"அட, நம்ம டிபார்ட்மென்ட்" என்றான் தம்பி. நானும் சிரித்தேன்.

பிறகு பென்சிலைத் திருப்பி, நல்ல வட்டங்களையும் தட்டிக் காட்டினார். பத்துக்குப் பத்து பொருந்தினாலும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள் இருக்கும். என் அணுக்கள் அவனுடைய தோலையும் குடலையும் ஈரலையும்கூட வெளியாள் என்று நினைத்துவிடலாம். அதை அடக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். "ரொம்ப அடக்கினா கிருமி நுழையும், நோயும் தலை தூக்கலாம். அடக்காம விட்டா..." என்று நிறுத்திக்கொண்டார்.

தம்பி மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மே 14

மஜ்ஜையின் அணுக்கள் ரத்தத்தில் இறங்கி வர எனக்கு ஊசி போட்டுப் போட்டு எலும்பெல்லாம் குடைகிறது, இடுப்பைத் தூக்க முடியவில்லை. இன்று இரண்டு கையிலும் குழாய். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போய், இயந்திரத்துக்குள் சுழன்று, மறு கை வழியாகத் திரும்பியது. மேலே தொங்கிய சின்னப் பையில் தக்காளிச் சாறு போல ஏதோ சேர்ந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா அவனை மொட்டையடித்து, வாயெல்லாம் புண்ணாக்கி, உள்ளே இருந்த அத்தனையையும் கொன்றார்கள்?

பையை அவனுக்கு ஏற்றும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நர்ஸிடம் ஏதோ சொன்னான், அவள் சிரித்துவிட்டாள். வெளியே வந்து சொன்னாள்: "ரத்தம் வரட்டும் சிஸ்டர், எங்கக்கா வாய் மட்டும் சேர்ந்து வந்துடாம பாத்துக்கங்கங்கிறாரு."

மே 18

அவனுடைய வெள்ளை அணுக்கள் பூஜ்யம். அவன் உடம்பில் இப்போது காவலுக்கு ஒருவர்கூட இல்லை. நம் எல்லார் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிற கிருமிகளே அவனுக்குப் போதுமாம். அறைக்குள் பழம் கூடாது, பூ கூடாது, வெளிக்காற்று கூடாது. ஆஸ்பத்திரி நடையில் யாரோ தும்மினார்கள். எனக்குக் கொலைவெறி வந்தது.

மே 31

காலையில் போன். "டிக்கெட்டக்கா, உன் ஆளுங்க டூட்டிக்கு வந்துட்டாங்க." அணுக்கள் ஏற ஆரம்பித்திருக்கின்றன. பிளாட்பாரத்திலேயே நின்று அழுதேன். ஒரு பயணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு அவரிடம் டிக்கெட் கேட்டேன். இருந்தது.

ஜூன் 14

வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலில் நான்தான் அனைவரையும் சலித்து உள்ளே விடுகிறேன். கை கழுவாதவனுக்கு அனுமதி இல்லை, மூக்கை உறிஞ்சுகிறவனுக்கு அறவே இல்லை. சின்ன வயதில் அவனுக்குப் போட்ட தடுப்பூசி எதுவும் இனி செல்லாது, கைக்குழந்தைக்குப் போடுவதுபோல முதலிலிருந்து போட வேண்டும்.

உள்ளங்கை சிவந்திருக்கிறது. வெயிலில் நின்றதுபோல. வீட்டை விட்டு அவன் நகரவே இல்லையே?

ஜூன் 17

பென்சில் டாக்டர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அணுக்கள்தான். லேசா சீறுது. இந்த அளவோட நின்னா பயம் வேண்டாம். கொஞ்சம் சீறினா ஒளிஞ்சிருக்கிற புற்றுநோயையும் சேர்த்துப் பிடிக்கும். அதிகமாகாம பாத்துக்கணும், அவ்வளவுதான்." களிம்பு கொடுத்தார். மாத்திரையை விடவே கூடாது என்று இருமுறை சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: "பாத்தியாடா, என் கோபம் உனக்கு நல்லதாம்." "அது தெரியாம முப்பது வருஷமா ஓடி ஒளிஞ்சேனே" என்றான். தம்பி மனைவியையும் சேர்த்து மூவரும் சிரித்தோம். வெகுநாள் கழித்து அப்படிச் சிரித்தோம்.

ஜூலை 25

தம்பி மனைவி பதறிப்போய்க் கூப்பிட்டாள். ஏதோ பிஸ்கட் தின்றிருக்கிறான், உதடு இரண்டும் வீங்கிக் கண் இடுங்கிவிட்டது. ஓடினேன். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தால் வேர்க்கடலை. எனக்குத்தான் வேர்க்கடலை ஆகாது. அவன் சின்ன வயதிலிருந்து கை கையாக அள்ளித் தின்பவன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தது. அபூர்வமாக இப்படி நடக்குமாம், கொடுத்தவரின் ஒவ்வாமையும் கூடவே போகுமாம். அவனுக்கு ஒரே குஷி. "சரியான ஆளுங்கக்கா, உனக்கு ஆகாதவனெல்லாம் எனக்கும் ஆகாது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவை என்னை மறக்கவே இல்லை. எனக்கு எது ஆகும் எது ஆகாது என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். அவனைத் தெரியுமா?

ஆகஸ்ட் 2

ஆஸ்பத்திரி. சிவப்பு முழங்கை வரை ஏறியிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். பென்சில் டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடறீங்கல்ல?" "போடறேன் டாக்டர்" என்றான்.

சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தான்.

டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைத்தான் பார்ப்பான். பெட்டிக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும், எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். இன்றும் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். ஏன்? அவன் என் தம்பி, அவ்வளவுதான். என்கிட்ட அவன் ஏன் பொய் சொல்லப்போறான்?

ஆகஸ்ட் 6

பேதி. நிற்கவே இல்லை. மறுபடி சேர்த்துவிட்டோம்.

ஆகஸ்ட் 7

ரத்தத்தில் மருந்து அநேகமாக இல்லையாம். பென்சில் டாக்டர் இன்று படம் எதுவும் போடவில்லை. "மாத்திரைய நிறுத்தியிருக்காரு" என்றார், என்னைப் பார்த்து.

உள்ளே போய்க் கேட்டேன். "ஏன்டா?"

"கோவிச்சுக்காத. முழுசா நிறுத்தல. ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் ரெண்டு நாள் விட்டு ஒருநாள்..."

"ஏன்டா நாயே?"

"அதைப் போட்டா உன் ஆளுங்க தூங்கிடுவாங்கல்ல. முழிச்சிருந்தாதானே ஒளிஞ்சிருக்கிற நோயத் தேடிப் பிடிப்பாங்க. திரும்பி வந்துடுச்சுன்னா? இன்னொரு தடவ என்னால முடியாதுக்கா. உன்ன நம்பித்தான் பண்ணேன். நீ பிடிக்காம விட்ட ஆளு ஒருத்தன சொல்லு பாப்போம்."

நீதான்டா என்று வாய்வரை வந்தது. போர்வையை இழுத்துவிட்டேன். கால் பாதம் இரண்டும் வெந்ததுபோல இருந்தன.

ஆகஸ்ட் 16

பலமான ஸ்டீராய்டு. அடங்கவில்லை.

ஆகஸ்ட் 21

குடலின் உள்தோல் உரிந்து வருகிறது என்றார்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாதாம். தம்பி மனைவி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னால் தேவலை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தி, "நீங்க சாப்பிடுங்கக்கா, மறுபடி உங்ககிட்ட ரத்தம் கேட்டாலும் கேப்பாங்க" என்றாள். பாத்திரத்தை மூடி வைத்தேன். கேட்டால் கொடுப்பேனா? இன்னும் நாலு படை ஆளை உள்ளே அனுப்பவா?

ஆகஸ்ட் 29

கண் மஞ்சள். என் அணுக்கள் ஈரலுக்கும் போய்விட்டன.

இன்று வண்டியில் வேலை ஓடவில்லை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் கையைப் பார்த்துக் கத்தினேன். அவன்டி அது, என் தம்பிடி. பொறந்ததுலேருந்து பாஸ் இருக்கு அவன்கிட்ட. நான் தூக்கி வளத்தவன்டி. உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? விட்டுடுங்க. நான் சொல்றேன்ல, விட்டுடுங்க. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

யாரிடம் கத்துகிறேன்? அவை வேலையைத்தானே பார்க்கின்றன. தாடிக்காரனை நான் இறக்கிவிட்டது வேறென்ன?

செப்டம்பர் 5

புதிதாக ஒரு மருந்து. அணுக்கள் கொஞ்சம் ஒடுங்கியிருக்கின்றன என்று காலையில் சொன்னார்கள். சாயங்காலம் நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். சாதாரணப் பூஞ்சை, சுவரிலும் காற்றிலும் இருப்பதுதான். நம்மை ஒன்றும் செய்யாது. அவற்றைக் கட்டிப்போட்டதும் இது உள்ளே வந்துவிட்டது. கட்டிப்போட்டாலும் சாவு, அவிழ்த்துவிட்டாலும் சாவா?

செப்டம்பர் 11

மஜ்ஜைப் பரிசோதனை முடிவு. பழைய புற்றுநோய் ஒரு செல்கூட இல்லை. பென்சில் டாக்டர் அதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

தம்பியிடம் சொன்னேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினான். விலக்கினேன். உதடெல்லாம் பொருக்கு.

"பாத்தியா," என்றான், "பிடிச்சுட்டாங்க."

எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! ஆமாண்டா என்றேன். வேறு என்ன சொல்ல? மறுபடி முகமூடியை வைத்துவிட்டு, அவன் தூங்கும்வரை தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். புதிதாக முடி முளைத்திருக்கிறது, என்னுடையதுபோல சுருட்டை. அது மருந்தினால் என்று நர்ஸ் சொன்னாள்.

செப்டம்பர் 15

காலையில் போய்விட்டான்.

செப்டம்பர் 28

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பியாயிற்று. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள்: "நீங்க உங்களால முடிஞ்சதக் குடுத்தீங்க." ஆமாம், கொடுத்தேன். அவன் பழைய ரத்தக் குரூப்கூட மாறி என்னுடையதாகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியின் கடைசிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது முழுக்க முழுக்க நான்.

அக்டோபர் 9

வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். பெட்டிக் கதவில் ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. நகத்தடியில் கிழிந்து ரத்தம். கட்டுப் போடச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அக்டோபர் 11

விரல் வீங்கி, சிவந்து, தணல் மாதிரி சுடுகிறது. விண் விண் என்று தெறிக்கிறது. ஓரத்தில் மஞ்சளாகச் சீழ். செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான் சீழ் என்று பென்சில் டாக்டர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எனக்காகச் செத்திருக்கின்றன. மருந்து போடவில்லை. ஜெயிக்கட்டும், தோற்கட்டும், எனக்கென்ன என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18

தம்பி மனைவி வந்தாள். அவன் சட்டைகளை என்ன செய்வது என்று கேட்க வந்தவள், காப்பி டம்ளரை நான் நீட்டும்போது விரலைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"கதவுல நசுங்கிடுச்சு. போன வாரம்."

"மருந்து போட்டீங்களா?"

"இல்ல. தானா ஆறிடுச்சு."

டம்ளரைக் கீழே வைத்தாள். என் விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, புதுத் தோல் பளபளவென்று மூடியிருந்தது. காப்பி ஆறிப்போகும்வரை அந்த விரலை அவள் விடவில்லை.