குளோரினுக்கு ஆசை கிடையாது

பிப்ரவரி 4
முதுகலை வேதியியல் இறுதியாண்டு மாணவர்களிடம் என் ஆய்வுக்காக நேர்காணல். சோடியமும் குளோரினும் ஏன் சேர்கின்றன என்று கேட்டேன். வகுப்பில் எப்போதும் முதலிடம் பிடிப்பவள் யோசிக்கவே இல்லை. "சோடியத்துக்கு ஒரு எலக்ட்ரான் பாரமா இருக்கு சார். குளோரினுக்கு ஒண்ணு குறையுது. ஆசையா வாங்கிக்குது." பக்கத்து வீட்டு விவகாரம் சொல்லும் தொனி.

எனக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இவ்வளவு படித்த பிறகும் பிள்ளைகள் அணுவுக்கு மனசு வைத்துப் பேசுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வேடு. அது தேறினால் முனைவர் பட்டம். பட்டம் வந்தால்தான் கல்லூரி வேலை நிரந்தரம். அடுத்தவர் அறியாமையை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களில் நானும் ஒருவன்.

பிப்ரவரி 9
'ஆசை' என்ற சொல்லுக்கு வகுப்பில் தடை விதித்தேன். கவிஞர் என்று பெயரெடுத்த மாணவன் எழுந்து, "துடிக்குது?" என்றான். அதற்கும் தடை.

"ஏங்குது?"

"சோடியத்துகிட்டேருந்து எலக்ட்ரானைப் பிடுங்கவே ஆற்றல் செலவாகும்ப்பா. அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது அதைவிட அதிகமா வெளியே வருது. மொத்தத்துல ஆற்றல் குறையுது. அவ்வளவுதான்."

"அப்போ ரெண்டு பேருக்கும் சம்மதம்!"

பிப்ரவரி 17
நோய் வீட்டுக்கும் வந்துவிட்டது. காலையில் மனைவி, "ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேங்குது" என்றாள். மாட்டேன் என்று சொல்ல அதற்கு மனசு கிடையாது, பிளக்கில் கரி என்று விளக்கினேன்.

"அப்போ நீங்களே அதுக்கு எடுத்துச் சொல்லுங்க." சாவியை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உதைத்துப் பார்த்தேன். கிளம்ப மாட்டே—

கிளம்பவில்லை.

பிப்ரவரி 18
யோசித்தால் பயமாக இருக்கிறது. இந்த மொழியில் ஒரு பொருளும் சும்மா இருப்பதில்லை. பால் பொங்கப் பார்க்கிறது. சுவர் விழப் பார்க்கிறது. கதவு திறக்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? இதை ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

வேண்டாம். ஆய்வு கவிழப் பார்க்கும்.

மார்ச் 20
நாளை வாய்மொழித் தேர்வு. "வாய் குழறப் பாக்கும், தண்ணி குடிச்சுக்கோங்க" என்றாள் மனைவி. வாய் என்பது வெறும் உறுப்பு என்று ஆரம்பித்தேன். முறைத்தாள். தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 21
போச்சு. எல்லாம் போச்சு.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் கடைசியாகக் கேட்டார்: "அணு ஆசைப்படலை, சரி. பின்ன ஏன் சேருது?"

"மொத்த ஆற்றல் குறையுது மேடம்."

"ஏன் குறையணும்?"

பதில் இருந்தது. மனப்பாடமாகவே இருந்தது. வாயைத் திறந்தேன், வேறொன்று வந்தது. "அதுக்கு அதான் மேடம் பிடிக்கும்."

பின்வரிசையில், கேட்க வந்திருந்த என் கவிஞன் கைதட்டினான். என் ஆய்வு வழிகாட்டி கூரையிலிருந்த மின்விசிறியைக் கூர்ந்து பார்த்தார். அம்மையார் ஏதோ எழுதிக்கொண்டார். ஏன்டா அப்படிச் சொன்னே? வேலை கையை விட்டுப் போயிடுச்சா?

மார்ச் 28
அறிக்கை வந்தது. பட்டத்துக்குப் பரிந்துரை! ஆய்வேட்டின் முடிவுக்கு இதைவிட வலுவான சான்று தாம் கண்டதில்லை என்கிறார் அம்மையார். ஒரே ஒரு திருத்தம்: நேர்காணல் தரவில் விடுபட்டுப்போன ஒருவரின் பதிலையும் சேர்க்க வேண்டும். அந்த ஒருவர்: இந்த ஆய்வாளர்.

மார்ச் 30
சேர்த்துவிட்டேன். அச்செடுக்கப் போனால் பிரிண்டர் தாளை விட மாட்டேன் என்கிறது. மனைவியிடம் சொன்னேன்.

"எடுத்துச் சொல்லிப் பாத்தீங்களா?" என்றாள்.