வயோலாவில் ஒரு தப்பு

அன்புள்ள போட்டியாளனுக்கு,

காலையில் உன் மனைவி போன் செய்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்ட காதுக் கட்டைப் பிரித்தபின் டாக்டர் கூப்பிட்டும் நீ திரும்பவில்லையாம். பயந்துபோய், வயலின், வயோலா என நான்கு தந்தி வாத்தியங்களுக்கு நான் இயற்றிய புது இசையின் பதிவை ஓடவிட்டாளாம். மூன்றாவது நிமிடத்தில் நீ முகம் சுளித்து, "வயோலாவுக்கு அரைச் சுரம் தப்பா எழுதியிருக்கான். இவன் திருந்தவே மாட்டான், நிறுத்தும்மா!" என்றாயாம்.

"அண்ணா, அவருக்குக் காது கேட்குது!" என்று அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத மாட்டேன். உனக்குத் தலைக்கனம் ஏறும். உன் காது கேட்காமல் போன இந்த மூன்று வாரமாக ஒரு வரிகூட இயற்றவில்லை. தப்புச் சொல்ல நீ இல்லாமல் யாருக்காக இயற்றுவது?

வயோலாவின் பகுதியைச் சரிபார்த்தேன். தப்புதான். அதைத்தான் பத்திரிகை விமர்சகர் 'துணிச்சலான புதுமை' என்று பாராட்டியிருந்தார். தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதே.

உன் வாயை நம்பியிருக்கும்
நண்பன்