முழங்கைக்குக் கீழே

1938 ஜனவரி 9, ஞாயிறு

குதிகால் வெடித்து ரத்தம் வந்துவிட்டது. பனிக்காலத்தில் இந்த மலையில் எல்லாருக்கும் வெடிக்கிறது. ஆனால் என் கால் மழை காணாத வயல் மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாடம் நடத்தும்போது சாணம் மெழுகிய தரையில் கறை பட்டு, "வாத்தியாரம்மா, காலு!" என்று ஒரு பெண் கத்திவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் உருக்கி ஒரு கொட்டாங்குச்சியில் கொண்டுவந்தாள். "காலக் கழுவித் தொடச்சுட்டுப் பூசுங்க. தெனமும் பூசோணும், ஒரு நா பூசிட்டு உட்டா ஆவாது" என்றாள். போகிறவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க கண்ணாடியே பாக்கமாட்டீங்களா?"

பார்ப்பதில்லை. அவர் காலராவில் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. வீட்டிலிருந்த கண்ணாடியை அம்மா எங்கோ எடுத்து வைத்தாள், நானும் கேட்கவில்லை. இப்போது முப்பத்து நாலு. தாலி அறுத்தவளுக்குக் கண்ணாடி எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 12

பூசினேன். எரிந்தது.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். அண்ணன் ராசப்பன் சேந்தமங்கலத்திலிருந்து ஆள் மூலம் அரிசியும் வெல்லமும் கொடுத்தனுப்பியிருக்கிறான். "வா மயிலு" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நல்ல நாளும் அதுவுமாக என் முகத்தில் விழிக்க அண்ணிக்குப் பயம். இருக்கட்டும். இந்த வேலை ஒன்று இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு மூலையில் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பேன். அதற்கு இந்த மலையும் குளிரும் எவ்வளவோ மேல்.

ஜனவரி 23, ஞாயிறு

பாப்பாயி சந்தையிலிருந்து கைக்கண்ணாடி வாங்கி வந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். மத்தியானம் வரை அதைக் குப்புற வைத்திருந்தேன்.

பார்த்தேன். அம்மா பார்த்தாள் என்னை! செத்துப்போன என் அம்மாவேதான். அதே ஒட்டிய கன்னம், அதே வெளுத்த உதடு. உதட்டோரம் வெடிப்பு. காதோரம் நரை. புருவத்துக்கு நடுவில் யாரையோ திட்டிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு கோடு. யாரைத் திட்டினேன் இத்தனை வருஷம்? என்னைத்தான் போலிருக்கிறது.

அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 26

காலையில் பயத்தமாவில் முகம் கழுவினேன். உதட்டுக்கு வெண்ணெய். படுக்குமுன் காலுக்கு மெழுகு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுத் தலை முழுக வேண்டும். அவ்வளவுதான். சோறு தின்பதுபோல், பல் விளக்குவதுபோல் இதுவும் ஒரு வேலை. இதில் பாவம் எங்கே வந்தது? யாருக்காக என்று கேட்கிறாயா மயிலு? வாயை மூடிக்கொண்டு செய்.

பிப்ரவரி 5, சனி

அரப்பு கண்ணில் பட்டு உயிர் போயிற்று. ஆனால் தலை! எவ்வளவு லேசாக இருக்கிறது! பிள்ளைகள் திங்கட்கிழமை என்ன நினைக்கும் என்று யோசித்து, வழக்கம்போல் இழுத்து முடிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். கோழை.

பிப்ரவரி 13, ஞாயிறு

பள்ளிக்கூடக் கூரைக்குப் புதுப்புல் வேய்ந்தார்கள். வேய்ந்தது கருப்பண்ணன், பாப்பாயி புருஷனுக்குப் பங்காளி. மேலே ராகிக்காடும் நாலு பலாமரமும் வைத்திருக்கிறார். மனைவி பிரசவத்தில் போய்ச் சில வருஷம் ஆகிறது. தாயும் மகனும்தான் வீட்டில்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இப்ப மொகந் தெளிஞ்சிருக்குதுங்க. முன்னெல்லாம் காச்சக்காரி கணக்கா இருப்பீங்க" என்றார். பேச்சைப் பார்! காய்ச்சல்காரியாம். கோபம் வரவேண்டும். வரவில்லை. உள்ளே போய்ப் பானையை உருட்டிச் சத்தம் செய்துகொண்டிருந்தேன்.

மார்ச் 6, ஞாயிறு

பாப்பாயி கேட்டே விட்டாள். "கருப்பண்ணன் உங்களக் கட்டிக்கோணும்ங்கறான். உங்க மனசுல என்ன இருக்குதுங்க?"

நான் கைம்பெண், கீழ்நாட்டுக்காரி, வயது என்ன ஆகிறது தெரியுமா என்றெல்லாம் உளறினேன். அவள் சிரித்தாள். "நானே மொத ஆள உட்டுப்போட்டுத்தான் இவங்கூட வந்தேன். எங்க மலையில இது ஒண்ணும் தப்பில்லீங்க. புருசன் செத்தா வாழ்க்கையே செத்துப்போவுமா?"

கீழே இதைச் சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள். இவள் புல் அறுத்துக்கொண்டே சொல்கிறாள்.

மார்ச் 8

வேண்டும். எனக்கு வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன் — எனக்கு ஒரு வீடு வேண்டும், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து என்னோடு பேச ஒரு ஆள் வேண்டும்.

மார்ச் 20, ஞாயிறு

கருப்பண்ணனின் அம்மா அத்தாயி ஆளனுப்பிக் கூப்பிட்டாள். போனேன். வாசலிலேயே நின்றேன். "உள்ள வாங்க கண்ணு" என்றாள். கால் எழவில்லை. இங்கே வந்த இரண்டு வருஷத்தில் நான் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. அறுத்தவள் அடுத்தவர் வீட்டுப் படியேறக் கூடாது என்று ஊறிப்போன புத்தி. எல்லா வீட்டிலும் முற்றத்தோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கிழவி முகம் வாடிப்போயிற்று. "எங்கூடு உங்களுக்கு எளப்பமுங்களா?" என்றாள். ஐயோ, இவர்கள் இத்தனை நாளும் அப்படியா நினைத்தார்கள்! விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "அந்தச் சட்டமெல்லாம் உங்க ஊரோட இருக்கட்டும் சாமி. சித்திர பொறந்து மொத வெள்ளி நல்ல நாளு. தலமுழுகிட்டு வந்து எங்க ஊட்டுச் சாமிக்கு வெளக்கேத்துங்க. வெளக்கேத்திட்டா எங்கூட்டுப் பொம்பள நீங்க" என்றாள்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் வந்த மாட்டைப் பார்த்துக்கூடச் சிரித்தேன்.

ஏப்ரல் 3

நரைக்கு மருதாணி. குதிகால் மூடிவிட்டது. இரவு வெண்ணெய் தடவ மறக்கவில்லை. மருதாணியைக் கழுவியபோது விரல் நுனி சிவந்திருந்தது. பதறி மணலில் தேய்த்தேன். அப்புறம் ஏன் தேய்க்கிறோம் என்று நிறுத்தினேன்.

ஏப்ரல் 14, வியாழன்

நாளை வெள்ளி.

பாப்பாயி, தானே எண்ணெய் தேய்த்துவிடுவேன் என்று பிடிவாதம் பிடித்து ஓடைக்கு இழுத்துப் போனாள். "அந்த நீளக்கைய மேல ஏத்துங்க, மொழங்கையில அழுக்கு" என்றாள். ட்ரெயினிங் பள்ளியில் பழகின ரவிக்கை, கை மணிக்கட்டு வரை. அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

எண்ணெய்க் கிண்ணம் தண்ணீரில் விழுந்தது.

"இதென்னங்க?"

இடது முழங்கைக்குக் கீழே பச்சை. கோலமும் அதற்குக் கீழே ஒரு தேளும். ஒன்பது வயதில் சேந்தமங்கலம் சந்தையில் குறத்தி குத்தியது. கை அழகாக இருக்கும் என்று அம்மா மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதைப் பச்சை என்றேன், வேறென்ன சொல்வேன்?

பாப்பாயி ஓடையில் உட்கார்ந்துவிட்டாள். பச்சை குத்தின உடம்பு இவர்கள் வீட்டுக்குள் வரக்கூடாதாம். சாமிக்கு ஆகாதாம். கைம்பெண் வரலாம், புருஷனை விட்டவள் வரலாம், பச்சை வரக்கூடாது. "மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? படி ஏறியிருந்தால் கைகால் கழுவும்போது யாராவது கையைப் பார்த்திருப்பார்கள், சொல்லியிருப்பார்கள். நான்தான் ஏறவே இல்லையே!

"யார்கிட்டயும் சொல்லாதே பாப்பாயி, ரவிக்கை போட்டுக்கிட்டே வெளக்கேத்தறேன்" என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஊட்டுச் சாமியுங்க அது. நான் பொய் சொல்லமாட்டேன்."

ஏப்ரல் 15, வெள்ளி

போகவில்லை.

ஏப்ரல் 17

கருப்பண்ணன் வந்தார். முற்றத்தில் நின்றார். இப்போது அவர் நிற்கிறார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அம்மாதான் சோறு தண்ணி இல்லாம கெடக்குது" என்றார். கீழே போய்விடலாம், எனக்கு எங்காவது பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று சொன்னேன். சொன்னேனா? கெஞ்சினேன். பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்தார், தான் வேய்ந்த கூரையை. "கீழ வந்து நான் என்னத்தப் பண்ணுவேனுங்க? ஒரு நா சந்தைக்கு எறங்கினாலே எனக்கு மூச்சு முட்டும்."

கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஏப்ரல் 19

புருஷன் செத்த அன்று வளையலை உடைத்தார்கள். மூக்குத்தியைக் கழற்றினார்கள், மெட்டியை, தோட்டை, எல்லாவற்றையும். இந்தப் பச்சையை மட்டும் எவளாலும் கழற்ற முடியவில்லை. அன்று இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆறுதல் பட்டேன், ஒன்றாவது மிஞ்சியதே என்று. நாசமாய்ப் போக. இது மிஞ்சியதற்கு ஒரு பொட்டுத் தங்கம் மிஞ்சியிருக்கலாம்.

ஏப்ரல் 20

சுண்ணாம்பும் சலவைக்காரமும் குழைத்து வைத்துத் துணி சுற்றியிருக்கிறேன். வண்ணாத்தி ஒருத்தி பச்சையை இப்படி எடுத்தாள் என்று சின்ன வயதில் கேட்டது. எரிகிறது. எரியட்டும்.

ஏப்ரல் 21

அம்மா அம்மா அம்மா

மே 1, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. காய்ச்சல் விட்டிருக்கிறது. சுற்றியிருந்த துணியோடு தோலும் வந்துவிட்டதாம். பாப்பாயிதான் கஞ்சி ஊற்றினாள், சீழ் துடைத்தாள், "என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க" என்று அழுதுகொண்டே இருந்தாள். அவள் என் வீட்டுக்குள் வரலாம். அதற்குத் தடை இல்லை.

முகம் பழையபடி ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்க்காமலே தெரிகிறது.

மே 8, ஞாயிறு

நான் சொல்லியனுப்பினேன் என்று, இங்கே நல்லது கெட்டதுக்குத் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் வந்தார். வயதானவர், குரல் உயர்த்தாதவர். கட்டை அவிழ்த்துக் காட்டினேன். கோலம் போய்விட்டது. தேளும் போய்விட்டது. சிவந்து சுருங்கின சதைதான் இருக்கிறது, சுண்டுவிரல் நிமிரவில்லை. பாருங்கள், ஒரு பொட்டு மை இல்லை பாருங்கள் என்றேன். கை நீட்டிய விதம் பிச்சைக்காரி மாதிரி இருந்திருக்கும்.

அவர் கண் கலங்கிவிட்டது. "இப்படி உங்களயே சுட்டுக்கிட்டீங்களே தாயி. நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனுங்க. குத்தினது குத்தினதுதானுங்க. தோலு போனாலும் சாமிக்குத் தெரியுமுங்க."

அவர் போனபின் வாசலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. ஒன்றும்.

மே 11

குளிக்கவில்லை.

மே 12

எதற்கு?

மே 20, வெள்ளி

கருப்பண்ணனுக்குக் கல்யாணம். பெண் இதே மலையில் தேவனூர் நாடு, பெயர் ராமாயி. அத்தாயி முறை தவறாமல் ஆள் அனுப்பிச் சொன்னாள். இலையில் சோறு, அவரைக்குழம்பு எல்லாம் வீடு தேடி வந்தது. தின்ன முடியாது என்று நினைத்தேன். பசித்தது. தின்றேன்.

மேளம் இங்கே வரை கேட்கிறது.

ஜூன் 12, ஞாயிறு

தலையில் அரிப்பு தாங்கவில்லை. அதற்காகத்தான் முழுகினேன், வேறொன்றுக்கும் இல்லை. இடது கை சரியாக மடங்காததால் ஒற்றைக் கையால் அரப்புத் தேய்க்க வெகு நேரமாயிற்று. முகத்தையும் கழுவினேன், மாவு மிச்சம் இருந்தது. வெயிலுக்கு வாசற்படியில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டிருந்தேன். வெந்த கையும் அப்படியே மடியில் கிடந்தது. மறைக்க இனி என்ன இருக்கிறது?

பாப்பாயி குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். கூட ஒரு பெண், புதுச்சீலை, பதினேழு பதினெட்டு இருக்கும். புதுப்பெண் ராமாயிக்கு ஊற்றைக் காட்டக் கூட்டிப் போகிறாள் என்று புரிந்தது. எழுந்து உள்ளே போக நேரம் இல்லை.

அந்தப் பெண் நின்றுவிட்டாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கையையும் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் காதில் விழுந்துவிட்டது.

"அக்கா, இவிங்களா அவிங்க? எத்தன அழகா இருக்காங்க!"

பாப்பாயி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா நட, புள்ள."

கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. புருஷன் சொன்னதில்லை. கருப்பண்ணன் சொன்னதில்லை. இவள்தான் சொன்னாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அவர்கள் குடத்தோடு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. தலை இன்னும் காயவில்லை.