கரண்டி ஏரியின் காளைகள்

ஜனவரி 6, திங்கள்

இன்று மூன்று பேர் ஏமாந்தார்கள். வாரத் தொடக்கத்துக்கு மோசமில்லை.

பள்ளி விட்டதும், தூண்டில் இரை விற்கும் எங்கள் கடையில் நின்றேன். அம்மா விற்பது புழு, நான் விற்பது புளுகு. நகரத்திலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மூன்று பேர் மெழுகுப்புழு ஆறு டப்பா வாங்கிக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோல் குனிந்து, "எங்கேம்மா மீன் நல்லா கடிக்குது?" என்றார்கள்.

"உதட்டுலதான்," என்றேன்.

முகம் தொங்கிப்போனது. பாவம் பார்ப்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "பிஷப் ஏரிக்குப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றேன். பிஷப் ஏரியில் மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஐஸுக்கு அடியில் மூச்சுமுட்டி மீனெல்லாம் செத்துவிட்டது. இப்போது அங்கே கடிப்பது குளிர் மட்டும்.

அம்மா பார்த்துக்கொண்டே சில்லறை கொடுத்தாள். எங்கள் ஊரில் மீன் இருக்கும் ஏரியின் பெயரை வெளியாளிடம் சொல்வது, குளியலறைக் கதவைத் திறந்துபோட்டுக் குளிப்பது மாதிரி. பொய் சொல்வதுதான் மரியாதை.

ஜனவரி 12, ஞாயிறு

உறைந்துகிடக்கும் கரண்டி ஏரியில், ஐஸைத் துளைத்துத் தூண்டில் போட்டு, ரோண்டாவுடன் மூன்று மணி நேரம். ரோண்டா எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு வயது. குரலுக்கு ஹாரன் தேவையில்லை. எனக்கும் அவளுக்கும் நாலு வருடமாகப் போர். போன வாரம் என் பிளாஸ்கில் சூடான சாக்லேட்டைக் கொட்டிவிட்டு ஊறுகாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தாள். பதிலுக்கு இன்று அவளுடைய இடதுகை உறையைச் சுட்டுவிட்டேன். கலைமான் படம் பின்னிய உறை. "என் கையுறை எங்கடி?" என்று திரும்பும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

விஷயம் அதுவல்ல. நான் ஒரு காளை பிடித்தேன்!

பெரிய ஆண் புளூகில் மீனைத்தான் காளை என்போம். நெற்றி புடைத்து, நெஞ்சு செம்பு நிறத்தில், என் கையை விரித்து வைத்தாலும் மறையாத அகலம். இந்த ஏரி கரண்டி வடிவம். குளிர்காலத்தில் காளைகள் எல்லாம் கரண்டிக் குழியின் ஆழத்தில் ஒன்றாக நிற்கும். ஒன்றைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கண்டுபிடித்த மாதிரி.

"தண்ணில விடுடி," என்றாள் ரோண்டா. அவள் நடுத்தர மீனைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவாள். "ஜூன் மாசம் கூட்டுக்குக் காவல் நிக்கறவன் இவன். காவல்காரனைப் பொரிச்சுத் தின்னுட்டா, அப்புறம் வீட்டை யாரு பாத்துக்கறது? நீயா?"

விட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன், அவள் மூக்கைச் சிந்தத் திரும்பியபோது ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, திங்கள்

மீன்பிடிக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் அறுபதாயிரம் பேர். நான் அங்கே டெட் சுவான்சன், வயது 58, முழங்கால் வலிக்காரர். படத்தின் ஓரங்களை வெட்டி, மீனும் ஐஸும் மட்டும் தெரியும்படி போட்டேன். "பிஷப் ஏரி. காளைகள் திரும்பி வந்துவிட்டன. முழங்கால் வலியே போய்விட்டது."

இரண்டு மணி நேரத்தில் எண்ணூறு பேருக்குப் பிடித்துப்போனது. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

ஜனவரி 15, புதன்

மாட்டினேன்.

யாரோ ஒருவன் என் படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறான். மீனின் முதுகுத் துடுப்புக்கு மேலே, அரிசி அளவுக்கு, மஞ்சளாக ஒன்று. எங்கள் ஏரிக்கரையில் மூடிக்கிடக்கும் கோடை முகாமின் சறுக்குமர உச்சி. கீழே எழுதியிருக்கிறான்: "அஞ்சாம் வகுப்புல அந்தச் சறுக்குமரத்துலதான் என் முன்பல் உடைஞ்சது. இது பிஷப் இல்ல டெட். கரண்டி ஏரி."

படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் நூற்றுப்பத்து பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

ஒரு பல். எவனோ ஒருத்தனோட ஒரு பல்!

ஜனவரி 18, சனி

வழக்கமாகச் சனிக்கிழமை ஐஸில் ஏழெட்டுக் கூடாரம் இருக்கும். இன்று நாற்பத்தாறு. படகுத் துறையிலிருந்து நெடுஞ்சாலை வரை பிக்கப் வண்டி வரிசை. ஐஸ் துளைக்கும் இயந்திரங்களின் இரைச்சல் கடைக்குள்ளேயே கேட்கிறது. எல்லாரிடமும் மீன் காட்டும் திரை இருக்கிறது. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சினிமா மாதிரி பார்க்கிறார்கள். ஒளிய இடமே கிடையாது.

அம்மா மதியத்துக்குள் புழு முழுவதும் விற்றுத் தீர்த்துவிட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள். அம்மா பாடி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 19, ஞாயிறு

தொண்ணூற்று மூன்று.

ஜனவரி 22, புதன்

பேருந்தில் ஏறும்போது ரோண்டா வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஏரியைத் தாண்டும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் இருந்த எங்கள் எல்லாரையும் பார்த்து, "அந்த டெட் சுவான்சன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, அவன் முழங்காலுக்கு நான் வைத்தியம் பாக்கறேன்," என்றாள்.

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். உரக்கவே.

ஜனவரி 25, சனி

என் எதிர்த்தாக்குதல்கள், வரிசையாகத் தோற்றவை:

"ஐஸ் மெல்லியது, ஆபத்து" என்று அட்டை எழுதி விடிகாலையில் துறையருகே ஐஸில் நட்டேன். ஒருவன் மூன்று டன் பிக்கப்பை அதன் பக்கத்தில் நிறுத்தி, அட்டையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான்.

பிறகு டெட் சுவான்சன் மறுபடி எழுதினார். பிஷப் ஏரியில் அற்புதம், கரண்டியில் ஒன்றுமில்லை என்று. பதில் வந்தது: "டெட் இவ்வளவு கெஞ்சறாருன்னா, கரண்டியில இன்னும் நிறைய இருக்கு. நாளைக்கு அங்கேதான்."

நான் உண்மை சொன்னாலும் கூட்டம் வரும், பொய் சொன்னாலும் வரும். வாயை மூடினால்? அதற்கும் வரும். வந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

சும்மா நடந்து பார்ப்போம் என்று கூடாரங்களுக்கு நடுவே போனேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஓர் ஆள் எனக்கு மான் இறைச்சித் தொத்திறைச்சி கொடுத்தான். ஒரு சின்னப் பெண் தன் முதல் மீனைத் தூக்கிக் காட்டினாள், பொக்கைவாய்ச் சிரிப்போடு. காளை. அவள் முகத்தைவிடப் பெரிசு.

"ஆளுக்கு இருபதுதான் பாப்பா. சட்டத்துல ஒரு மீன்கூட மீறல," என்றான் அவள் அப்பா, நான் கேட்காமலேயே. பெருமையாகத்தான் சொன்னான்.

பனியின் மேல் வரிசையாகக் கிடந்தன. உறைந்து விறைத்த காளைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. சின்னது ஒன்றுகூட இல்லை. சின்னதையெல்லாம் துளை வழியாகத் திருப்பி விடுகிறார்கள். "பொடிசு வளரட்டுமே," என்கிறார்கள்.

தலைகீழாகப் போட்ட கணக்கு. ஆனால் அதைச் சொல்ல நான் யார்? டெட் சுவான்சன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நகரமன்றக் கூடத்தில் மீன் துறைக்காரர்களுடன் கூட்டம். மீன் துறைப் பெண் நல்லவள்தான். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி பேசினாள்.

ரோண்டா எழுந்தாள். ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டாள். "பெரிய ஆணெல்லாம் போயிட்டா பொடி ஆணுங்க வளர்றதை நிறுத்திட்டுக் குடும்பம் நடத்த ஆரம்பிச்சிரும்னு உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கு. போட்டிருக்கா இல்லையா?"

"இருக்கலாம். சில ஏரிகள்ல அப்படி நடந்திருக்கு."

"அப்போ இருபதை அஞ்சாக்குங்க!"

"ஒரு குளிர்காலத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுங்க. மூணு வருஷம் வலை போட்டு எண்ணணும். அப்புறம் பொதுமக்கள் கருத்து. அதுக்கப்புறம் விதி."

"மூணு வருஷம் கழிச்சு வலையில என்னத்தைம்மா எண்ணுவீங்க? ஓட்டையவா?"

கூடம் சிரித்தது. அப்போது அம்மா எழுந்தாள். என் அம்மா. "கூட்டம் எப்பவும் வரும், போகும். ரெண்டு வாரம் கடிக்கலைன்னா அவங்களே வேற ஏரிக்குப் போயிருவாங்க. மீன் தன்னைப் பாத்துக்கும். இந்த ஒரு குளிர்காலமாவது என்னைக் கடையைத் திறந்து வைக்க விடுங்களேன்," என்றாள்.

ரோண்டாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கூட்டம் முடிந்து ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே போனார்கள். நான் நடுவில் நாற்காலிகளை மடித்து அடுக்கினேன். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. நாலு வருடமாக நிற்காத வாய்.

பிப்ரவரி 20, வியாழன்

தூங்கவில்லை. சாப்பிடவில்லை. பகடி எதுவும் தோன்றவில்லை.

மார்ச் 1, சனி

சொல்லிவிட்டேன்.

ரோண்டா கரண்டிக் குழியின் ஓரத்தில் தனியாக வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழைய துளைகள், மறுபடி உறைந்து, அம்மைத் தழும்பு மாதிரி. அவள் திரையில் மீனைக் காட்டும் கோடு ஒன்றுகூட இல்லை. கலைமான் கையுறையை அவள் மடியில் வைத்தேன்.

"டெட் சுவான்சன் நான்தான்."

"தெரியும்டி."

"எப்போலருந்து?"

"முதல் நாள்லருந்து. அந்த மீன் எது மேல படுத்திருந்துச்சு? இந்தக் கலைமான் மேல. நானே பின்னினது, எனக்குத் தெரியாதா?" உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். "ஏரி பேரு தெரியாம ஓரத்தையெல்லாம் வெட்டத் தெரிஞ்சுது. நடுவுல என் கையுறையை விட்டுட்ட. பெரிய புத்திசாலி."

"அப்ப ஏன் என்னைத் திட்டல?"

"தினமும் பஸ்ல திட்டினேனே, காது கேக்கலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு நீர் உறைவது எவ்வளவு அசிங்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. திட்டுங்க, அடிங்க, எதாச்சும் பண்ணுங்க ரோண்டா, ப்ளீஸ்... என்று என்னென்னவோ உளறினேன்.

"திட்டினா என்ன, மீன் திரும்பி வருமா?" என்றாள். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. பிளாஸ்கை நீட்டினாள். குடித்தேன். ஊறுகாய்த் தண்ணீர் இல்லை. நிஜமாகவே சூடான சாக்லேட்.

ஊறுகாய்த் தண்ணீராக இருந்திருக்கக் கூடாதா.

மார்ச் 15, சனி

ஐஸ் உருகுமுன் மீன்பிடிக் குடில்களை இழுத்துப்போகக் கடைசி வாரம். ஏரியில் நாலு பேர். அம்மா பாடுவதில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். நீண்ட நேரம் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "இந்தக் குளிர்காலம் கடையைக் காப்பாத்தினது நீதான்னு சொல்லவா, அடுத்த குளிர்காலத்தைக் கெடுத்தது நீதான்னு சொல்லவா, தெரியலையே," என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "சாப்பிட வா," என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

கூடு கட்டும் காலம். முகாம் பக்கத்து ஆழமில்லாத மணலில் இறங்கி நின்றேன். வட்டம் வட்டமாகக் குழிகள், எப்போதும்போல. போன ஜூனில் இங்கே கால் வைத்ததும் காளைகள் பாய்ந்து வந்து என் விரலைக் கடித்தன. கத்திக்கொண்டே கரைக்கு ஓடினேன். ரோண்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று ஒவ்வொரு குழியிலும் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று. செம்பு நெஞ்சும் இல்லை, புடைத்த நெற்றியும் இல்லை, சின்னத் தலை. பெரிய மனிதர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு காவல் நின்றன. வளராமலே அப்பா ஆகிவிட்டன.

அரை மணி நேரம் நின்றேன். ஒன்று மட்டும் வந்து கட்டை விரலை முட்டியது. கூசக்கூட இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மீன் துறை வலை போட்டுப் போனது. நிறைய மீன், எல்லாம் பொடி. முதல் வருடக் கணக்கு. இன்னும் இரண்டு இருக்கிறது.

ஜனவரி 10, சனி

காலையில் கடைக்கு ஓர் ஆள் வந்தான். புதுக் கூடாரம், புதுத் திரை, விலைச் சீட்டு கிழிக்காத காலணி. நகரத்திலிருந்து நாலு மணி நேரம். மெழுகுப்புழு இரண்டு டப்பா கேட்டான். பிறகு கைபேசியை நீட்டினான். இணையக் குழுவில் யாரோ வால்ட் என்ற பெரியவர், இடுப்பு வலிக்காரர், எழுதியிருக்கிறார்: "கரண்டி ஏரி. காளைகள் திரும்பி வந்துவிட்டன."

படத்தில் இருந்த மீன் எங்கள் ஏரி மீனே இல்லை. எழுதினது எந்த ஊர்ப் பொடியனோ. நன்றாகத்தான் எழுதியிருந்தான். இடுப்பு வலி நல்ல யோசனை.

அந்த ஆள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எங்கேம்மா மீன் நல்லா கடிக்குது?" என்றான்.

"இங்க இல்லைங்க. கரண்டியில ஒண்ணுமே இல்ல. எல்லாம் விரல் நீளம்தான். சத்தியமா. திரும்பிப் போயிருங்க," என்றேன்.

என்னையே பார்த்தான். மெல்லச் சிரித்தான். பிறகு கண்ணடித்தான். "புரியுதும்மா. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்," என்று இன்னும் இரண்டு டப்பா புழு வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஜன்னலிலிருந்து ஏரி முழுவதும் தெரிகிறது. வெள்ளையில் ஒரே ஒரு சிவப்புக் கூடாரம். காலையில் கரண்டிக் குழியில் இருந்தது. மதியம் காம்புப் பக்கம் போனது. இருட்டும்போது மறுபடி குழிக்கு வந்து, இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்தது.