அங்க அடையாளங்கள்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். ஓவிய வகுப்புக்கு இப்போது போவதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவர் வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். யார் தொந்தரவும் இல்லாமல் வரைய முடிகிறது.

‘அடையாளம்’ என்ற தலைப்பில் வரிசையாகச் சில ஓவியங்கள் செய்யச் சொல்லியிருந்தார் ஆசிரியை. எனக்குப் பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளம்’ என்று எழுதியிருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கென்று இருந்தது தாடையில் ஒரே ஒரு மச்சம்.

இப்போது எக்ஸ்ரே படங்களின் மேல் பூ வரைகிறேன். மணிக்கட்டில் மல்லிகை, விலா எலும்பில் செம்பருத்தி, தோள்பட்டையில் ரோஜா. படங்களுக்காக எங்கும் அலையவில்லை. எல்லாம் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. நான்தான் எப்போது பார்த்தாலும் தடுக்கி விழுகிறவள் ஆயிற்றே!

அவருக்கும் பிடித்திருக்கிறது. “பூவெல்லாம் நல்லா வந்திருக்கு, அக்காவுக்கு ஒண்ணு அனுப்பு. மூலையில பேரும் தேதியும் தெரியுது பாரு, அங்கயும் ஒரு மொட்டு போடு. கவரை ஒட்டாம வை, நானே படிச்சுப் பாத்துட்டு தபால்ல போட்டுடறேன்” என்றார். அவ்வளவு அக்கறை.

இத்துடன் இருப்பது விலா எலும்பு. வழுவழுப்பான படத்தில் வெறும் வாட்டர் கலர்தான். ஈரக்கை பட்டால் பூவும் மொட்டும் கரைந்துவிடும், தொடாதே.

சின்ன வயதில் நான் எதைத் தொடாதே என்றாலும் முதல் வேலையாக அதைத்தான் தொடுவாய். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா, அக்கா?

தாடையில் மச்சமுள்ள
உன் தங்கை