பேனரில் போட்ட பேர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. பிரஷர் மாத்திரை போட மறந்தாச்சு.

நேற்று சாயங்காலம் சைனா போய்விட்டான். மாரடைப்பு. ஆறாங்கிளாஸில் பக்கத்து பெஞ்சு, அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட் பஸ். இன்று மத்தியானம் எடுத்தாச்சு. பர்மா நகர் தெரு முழுக்க ஆள்.

பேனர் வேலையை நானும் பாயும் எடுத்துக்கொண்டோம். எங்கள் செட்டில் இனி நாங்கள் இரண்டு பேர்தான்.

ப்ளெக்ஸ் கடைக்காரர் போனில், "முழுப்பேரு இன்னாண்ணே?" பாய் என்னைப் பார்த்தான். "அருணாசலம் தான?" இல்லை, அருணகிரி. வாத்தியார் ஆஜர் கூப்பிடும்போது முதல் பேர். ஐம்பது வருஷ சிநேகம், பேருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கண்ணீர் அஞ்சலி. எங்கள் உயிர் நண்பன் ‘சைனா’ அருணகிரி. துயரத்துடன், தோஸ்துகள். பட்டப்பேர் மட்டும் சிவப்பில், பெரிதாக. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்; முழுப்பேர் வெளியே வருவதே சாவுக்குத்தான். பட்டப்பேர் போடாவிட்டால் செத்தது யாரென்று எவனுக்கும் தெரியாது. அடிக்கும் முன் படத்தைப் போனில் அனுப்பினார்கள். எழுத்துப் பிழை பார்த்தேன். ஒன்றுமில்லை, அடிக்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று பால் தெளித்தார்கள். முடிந்ததும் அவன் மகள் மலர் வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டாள். நர்ஸ் வேலை பார்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள்.

"மாமா, அந்த பேனர எடுத்துடுங்க."

"ஏம்மா, போட்டோ சரியில்லியா?"

"பேரு சரியில்ல. அப்பா மொகத்தப் பாத்து வெச்ச பேரு அது. செத்தப்புறமும் அதானா?"

நான் பேனரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கும் அதே மொகம்தான் மாமா. கொரோனா சமயத்துல டூட்டி முடிச்சிட்டு ட்ரெயின்ல வந்துகினு இருந்தேன். ‘கொரோனா வருதுடா’ன்னு ஒருத்தன் எந்திரிச்சு அந்தாண்ட போனான். பெட்டியே சிரிச்சுது. நான் நர்ஸ் ட்ரெஸ்ல கீறேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்கு அந்தப் பேரு புடிக்காதாம்மா?"

"நீங்க கேட்டதே இல்லியா மாமா?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கேட்டதில்லை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

டீக்கடையில் பாயிடம் சொன்னேன். தாம் தூம் என்று குதித்தான்.

"இன்னாடா இது புதுசா? ஆசையா கூப்ட்டது. என்னப் பெத்தவங்க ரஹீம்னு பேரு வெச்சாங்க, ஊரே பாய்னுதான் கூப்புடுது. நான் பேஜாராயிட்டனா? ஒன்ன நெட்டன்னா நீ இன்னா கொறஞ்சா பூட்ட?"

"நெட்டன்னு சொன்னா யாரும் ட்ரெயின்ல எந்திரிச்சுப் போறதில்ல."

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "பாய்னா சில பேரு வாடகைக்கு வூடு தர்றதில்ல" என்றான். ஏணிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று கிளம்பிவிட்டான்.

பாய் தொழிற்சாலையில்தான் எங்களோடு சேர்ந்தான்; அவனிடம் சொல்லாத ஒன்று. அந்தப் பேரை வைத்தது நான்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். ஃபுட்பாலுக்கு ஆள் பிரிக்கிறோம். அவன் பேர் ஞாபகம் வரவில்லை. சின்னக் கண், சப்பை மூக்கு. "ஏய் சைனா, நீ எங்க டீமு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எங்கள் பக்கம் வந்து நின்றான். அந்த மாசமே வாத்தியாரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவனும் சிரித்தானா? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அந்த முகம் வரமாட்டேன் என்கிறது.

மற்றதெல்லாம் வருகிறது. அவன் அம்மாவின் அத்தோ கடை. அந்த அம்மா பர்மாவில் பிறந்தவர். நூடுல்ஸில் வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். வாழைத்தண்டு சூப் எனக்கு மட்டும் இரண்டாம் தடவை ஊற்றுவார். முகத்துவாரத்தில் அவன்தான் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தான், உள்ளங்கையில் என் தாடையைத் தாங்கிக்கொண்டு. நான் டைபாய்டில் கிடந்தபோது ஷிப்ட் முடிந்து தினமும் வருவான். பெயிண்ட் வாடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த நாட்களுக்கு ஒரே ஒரு தரம் போய்வர முடிந்தால் போதும் என்றிருக்கிறது.

வெட்கமாகவும் இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடிந்ததும் பேனரை இறக்கினோம். பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டான், கயிற்றை நான் அறுத்தேன். போட்டோ மடங்காமல் சுருட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டுப் பரண்மேல். தூக்கிப்போட மனசு வரவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று நல்ல மழை. நாளை காரியம்.

புது பேனர் கட்டினோம். அருணகிரி, அவ்வளவுதான். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு நைனா இந்த அருணகிரி?" பிறகு போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, நம்ம சைனா. அத்தப் போட்டாத்தான தெரியும்?"

பாய் என்னைப் பார்த்தான். சொன்னேனே என்கிற பார்வை.

"அவன் பேரு அருணகிரிம்மா" என்றேன்.

"பேரு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்க வேண்டியது: வாழை இலை, கற்பூரம், வீட்டுக்காரி முழங்காலுக்குத் தைலம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காரியம் முடிந்தது. கூட்டம் குறைந்ததும் மலரிடம் சொல்லிவிட்டேன். பதினைந்து நாளாக நெஞ்சில் கிடந்தது.

"அந்தப் பேர வெச்சது நான்தாம்மா."

"தெரியும் மாமா. அப்பா சொல்லிகீறாரு."

எப்போது சொன்னான், என்ன முகத்தோடு சொன்னான், கேட்கத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

"திட்டிச் சொல்லல. ‘தனசேகர் வெச்சான்’னாரு, அவ்ளோதான். வூட்ல யாரையும் பட்டப்பேர் சொல்ல வுடமாட்டாரு. ஒங்களுக்கெல்லாம் பட்டப்பேர் கீதுன்றதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது."

பரவாயில்லை மாமா என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லி ஆகிற காரியமும் இல்லை. இலையில் இன்னொரு வடை வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். துணி காய்ந்தது.

மலர் சொன்னது சரி. அவன் ஒருநாளும் என்னை நெட்ட என்று கூப்பிட்டதில்லை. கேட் வாசலில், பஸ்ஸில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, எங்கேயும் "தனசேகர்"தான். வாத்தியார் மாதிரி கூப்புடுறான் பாரு என்று நானும் பாயும் கிண்டல் செய்திருக்கிறோம். கொஞ்சம் தள்ளி நிற்கிறான் என்றுகூட நினைத்திருக்கிறேன், மடையன்.

வீட்டுக்காரிக்கு நான் "என்னாங்க". பிள்ளைகளுக்கு அப்பா. ஊருக்கு நெட்ட. பேர் சொல்லிக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான். இனி ஆள் இல்லை.

சாயங்காலம் டீக்கடை. பாய் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரஹீம்" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாக.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடா, யாரு பூட்டாங்க?"