வலது பக்கம் போல்ட் இல்லாத துப்பாக்கி

முடிச்சூர்
20.8.2006

கர்த்தருக்குள் பிரியமான ஜோசலினுக்கு, உன் தேவானந்தம் மாமா எழுதுவது. இங்கே நாங்களும் எங்கள் கொசுக்களும் தேவ கிருபையால் சுகம், அங்கே மெல்போர்னில் நீயும் குளிரும் எப்படி என்று எழுது. முன்பெல்லாம் உன் அப்பா எழுதிய கடிதத்தை இந்த முறை நான் எழுதுகிறேன், இதில் வரும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று உன் அம்மாவைச் சாட்சியாக வைத்து உறுதி கூறுகிறேன்.

மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல மடியில் கிடந்தது உனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்குள் அசையாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பந்துக்கு நன்றி, பக்கத்து வீட்டு நாய் அதை மிகுந்த மரியாதையோடு வைத்திருக்கிறது. சரி, பட்டாளத்தில் அவர் சுமந்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை மரத்தில் செய்து சுதந்திர தினத்தன்று கொடுத்தால் முகமாவது மலரும் என்று, கோவிலம்பாக்கத்தில் கட்டில் பீரோ செய்யும் சௌகத் அலியிடம் போனேன். ஹாலில் மாட்டியிருக்கும் பட்டாளத்து போட்டோதான் மாதிரி. அதில் துப்பாக்கியின் நடுப்பகுதியை அப்பாவின் கையே மறைத்திருந்ததால், எதிர்வீட்டு ஹவில்தார் தோத்தாத்ரியைக் கேட்டேன். அவர் பிற்காலத்து ஆள், சுமந்தது எஸ்.எல்.ஆர். என்ற வேறு துப்பாக்கி, அது எனக்கு எங்கே தெரியும். குண்டு ஏத்த இழுக்கிற போல்ட் பிடி இடது பக்கம்தான் சார், இதுல இன்னா சந்தேகம் என்றார். சௌகத் அலியும் அப்படியே இடது பக்கம் பொருத்திவிட்டார்.

அதை ஆட்டோவில் கொண்டுவந்தபோது பின்கட்டை தாம்பரத்திலும் முனை கூடுவாஞ்சேரியிலும் இருந்தது, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆயிரம் வண்டிகள் கைதூக்கி நின்றன, போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்தார். வீட்டில் அப்பாவின் மடியில் வைத்தோம். பிடியைப் பார்த்தாரோ இல்லையோ, ஐந்து மாதம் குழறிய வாய் திறந்தது. இன்னா மச்சான் இது, எவன் போல்ட்டை இந்தப் பக்கம் வச்சது, அப்போ வலது கை இன்னா வேடிக்கை பாக்குமா என்றார். கேட்டுக்கொண்டே அந்தக் கை மெல்ல எழும்பி, இல்லாத போல்ட்டை இரண்டு விரலால் தேடியது. முடிச்சூர் ஏரி மீனெல்லாம் அட்டென்ஷனில் நின்றன. உன் அம்மா ஸ்தோத்திரம் என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சௌகத் அலி மறுநாளே பஸ் ஏறி வந்து வலது பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு போல்ட் வைத்துக் கொடுத்தார், அந்த மனிதருக்கு நாம் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். தோத்தாத்ரிக்கும்தான், அவர் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கை இன்னும் மடியில்தான் கிடக்கும். இப்போது அப்பா காலையில் இருபது முறை இழுக்கிறார், எது உசத்தி துப்பாக்கி என்று அவருக்கும் தோத்தாத்ரிக்கும் தினமும் சண்டை, வீடு நிறைந்திருக்கிறது.

ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, இன்னொரு பந்து அனுப்பாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆட்டோ, போலீஸ், மீன் எல்லாம் என் கைச்சரக்கு. அந்தக் கை எழும்பியது மட்டும் நிஜம் அம்மா. சந்தேகமிருந்தால் என் பெயருக்குக் கீழே கோணலாய் நிற்கும் மூன்று எழுத்தைப் பார், எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது, நான் பேனாவைத் தொடவில்லை.

உன் மாமா
தேவானந்தம்

அப்பா